செத்த விரல்களைக் கண்ட டாக்டர் அம்மையார்

ரோடு உடைக்கும் இயந்திரத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தொழிலாளி அதன் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். இயந்திரம் தடதடவென்று குதிக்கிறது. ரோடு பிளக்கிறது. அவருடைய தோளும் கையும் கன்னமும் சேர்ந்து ஆடுகின்றன. நாம் காதைப் பொத்திக்கொண்டு அவசரமாக நடந்து விடுகிறோம்.

வேலை முடிந்து வீட்டுக்குப் போன பிறகு அந்தக் கை எப்படி இருக்கும்?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடி, பனிக் காலத்தில் கல் வெட்டும் ஊருக்கே போய், தொழிலாளிகளின் விரல்களைக் கையில் எடுத்துப் பார்த்தார் ஒரு பெண்மணி. அவர் பெயர் ஆலிஸ் ஹாமில்டன். அமெரிக்க நாட்டு டாக்டர். ஆலையிலும் சுரங்கத்திலும் கட்டிட வேலையிலும் மனிதனுக்கு என்ன வியாதி வருகிறது என்று அந்த நாட்டில் முறையாக ஆராய்ந்த முன்னோடி அவர்.

பணக்காரக் குடும்பம் நொடித்தது

ஆலிஸ் 1869-ஆம் வருஷம் பிப்ரவரி 27-ந் தேதி நியூயார்க் நகரில் பிறந்தார். வளர்ந்தது இந்தியானா மாகாணத்தில் உள்ள ஃபோர்ட் வேன் என்ற ஊரில். வசதியான குடும்பம். பெரிய வீடு. நான்கு பெண்கள், கடைசியில் ஒரு பையன். பெண்களைச் சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. வீட்டிலேயே பாடம். மூத்தவர் எடித், பின்னாளில் பழைய கிரேக்க நாட்டைப் பற்றிப் புத்தகங்கள் எழுதிப் பெரும் புகழ் பெற்றார். நான்கு சகோதரிகளில் ஒருவர்கூடக் கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

1885-இல் தகப்பனாரின் மளிகை மொத்த வியாபாரம் நொடித்துப் போயிற்று. இனி பெண்களும் சம்பாதித்துத்தான் ஆகவேண்டும். ஆலிஸ் வைத்தியத் தொழிலைத் தேர்ந்தெடுத்தார். டாக்டராக இருந்தால் உலகத்தில் எந்த ஊருக்குப் போனாலும் பிறருக்கு உதவலாம் என்பது அவர் எண்ணம். 1893-இல் மிச்சிகன் சர்வகலாசாலையில் டாக்டர் பட்டம் பெற்றார்.

பிறகு மேல்படிப்புக்காக அக்கா எடித்துடன் ஜெர்மனி போனார். அங்கே பெண்கள் ஆண்களோடு உட்கார்ந்து படிப்பது வழக்கமில்லை. வகுப்பில் யார் கண்ணிலும் படாமல் ஒதுங்கி இருந்தால் அனுமதி உண்டு என்றார்கள். இருவரும் ஒதுங்கி இருந்து படித்துவிட்டு வந்தார்கள்.

ஏழைத் தெருவில் 22 வருஷம்

1897-இல் சிகாகோ நகரில் ஒரு பெண்கள் வைத்தியக் கல்லூரியில் ஆசிரியை வேலை கிடைத்தது. சம்பளம் வாங்கிக்கொண்டு நல்ல தெருவில் குடியிருந்திருக்கலாம். ஆலிஸ் அப்படிச் செய்யவில்லை. ஜேன் ஆடம்ஸ் என்ற பெண்மணி அந்த நகரத்தின் ஏழைப் பகுதியில் ஹல் ஹவுஸ் என்ற சேவை இல்லம் நடத்தி வந்தார். (இந்த ஜேன் ஆடம்ஸுக்குத்தான் 1931-இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.) ஆலிஸ் அங்கே போய்க் குடியேறினார். 1919 வரையில், 22 வருஷம், அதுதான் அவர் வீடு.

சுற்றிலும் பிழைப்புத் தேடி வந்த இத்தாலியர்கள், கிரேக்கர்கள், போலந்துக்காரர்கள். இங்கிலீஷ் தெரியாதவர்கள். ஆலிஸ் அவர்களுடைய குழந்தைகளைக் குளிப்பாட்டி, எடை பார்த்து, தாய்மார்களுக்கு யோசனை சொல்வார். அப்போது தகப்பன்மார்களைப் பற்றிய பேச்சும் வரும். ஒருவருக்குக் கை வாதம் வந்து மணிக்கட்டு தொங்கிப் போயிருக்கும். ஒருவருக்குத் தீராத வயிற்று வலி. எங்கே வேலை என்று விசாரித்தால் ஈயத் தொழிற்சாலை என்பார்கள்.

அந்த நாளில் அமெரிக்க வைத்தியப் பத்திரிகைகளில் இதைப் பற்றி அநேகமாக எதுவுமே இல்லை. இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் சட்டம் இருந்தது. அமெரிக்காவிலோ, எங்கள் ஆலைகள் சுத்தமானவை, இங்கே அந்த வியாதி கிடையாது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தேடிப் பார்க்காதவர்களுக்கு எதுவுமே கிடையாதுதானே!

கதவைத் தட்டிய டாக்டர்

1910-இல் இல்லினாய் மாகாண சர்க்கார் தொழில் வியாதிகளை ஆராய ஏற்பாடு செய்தது. பொறுப்பு ஆலிஸ் அம்மையாரிடம் வந்தது. அவருக்கு அப்போது வயது 41.

தொழிற்சாலைக்குள் நுழைய அவருக்கு சட்ட உரிமை கிடையாது. முதலாளி கதவைச் சாத்தினால் திரும்ப வேண்டியதுதான். ஆகவே அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு உள்ளே போவார். பார்க்க வேண்டியதைப் பார்ப்பார். அத்துடன் நிற்கமாட்டார். ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பழைய பதிவேடுகளைப் புரட்டுவார். மருந்துக் கடைக்காரரை விசாரிப்பார். பாதிரியாரைக் கேட்பார். தொழிலாளியின் வீட்டுப் படி ஏறி, அடுப்படியில் நிற்கும் மனைவியிடம் பேசுவார். ஆலையில் வேலை பார்ப்பவன் வேலை போய்விடும் என்ற பயத்தில் வாய் திறக்கமாட்டான். வீட்டில் உண்மை வரும்.

இப்படி எழுபதுக்கும் மேற்பட்ட வேலை முறைகளில் ஈய விஷம் ஏறுவதைக் கண்டுபிடித்தார். எப்படி ஏறுகிறது? தொழிலாளிகள் கை கழுவாமல் சாப்பிடுகிறார்கள், அதனால்தான் வியாதி என்பது முதலாளிகளின் வாதம். ஆலிஸ் அம்மையார் அதை மறுத்தார். விஷம் முக்கியமாகக் காற்றில் பறக்கும் தூசியோடும் புகையோடும் மூச்சில் போகிறது என்று காட்டினார். கையை எத்தனை தடவை கழுவினாலும் மூச்சை நிறுத்த முடியுமா?

வீடுகளுக்கு வர்ணம் பூசுகிறவர்களையும் பார்த்தார். அந்தக் காலத்து வர்ணத்தில் ஈயம் உண்டு. ஒரு பூச்சுக் காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்துவிட்டு அடுத்த பூச்சுப் பூசுவார்கள். கூரையை அண்ணாந்து பார்த்துத் தேய்க்கும்போது தூசியெல்லாம் முகத்தில் கொட்டும். வர்ண வேலையில் மிக மோசமான பகுதி இதுதான் என்று கண்டார். பரிகாரம் சுலபமானது. காய்ந்த வர்ணத்தைத் தேய்க்காமல் நனைத்துத் தேய்த்தால் தூசி எழும்பாது.

ஒரு சம்பவத்தைச் சொல்லவேண்டும். நாட்டின் மிகப் பெரிய ஈயக் கம்பெனியின் உபதலைவர் எட்வர்ட் கார்னிஷ். அவருடைய ஆலையில் ஆட்கள் விஷம் ஏறி விழுகிறார்கள் என்று அம்மையார் சொன்னபோது அவர் நம்பவில்லை. கோபம் வந்தது. அத்தாட்சி கொண்டு வரும்படி சொன்னார். அம்மையார் போய், ஆஸ்பத்திரிப் பதிவோடு 22 தொழிலாளிகளின் பெயர்களைக் கொண்டுவந்து அவர் முன் வைத்தார். கார்னிஷ் நேர்மையான மனிதர். மேற்கொண்டு வாதாடவில்லை. தூசியை உறிஞ்சும் குழாய்களைப் போட்டார். ஆலைக்கு டாக்டர்களை நியமித்தார். இதையெல்லாம் செய்யும்படி அவரைக் கட்டாயப்படுத்த அப்போது சட்டம் எதுவும் இல்லை. 1911-இல்தான் இல்லினாய் மாகாணத்தில் தொழில் வியாதிச் சட்டம் வந்தது. ஆபத்தான வேலை செய்பவர்களுக்கு மாதந்தோறும் வைத்தியப் பரிசோதனை கட்டாயமாயிற்று.

அதன் பிறகு வாஷிங்டனில் இருந்த மத்திய சர்க்கார் அவரை அழைத்தது. ஏற்பாடு விசித்திரமானது. மாதச் சம்பளம் கிடையாது. அவர் அறிக்கை எழுதிக் கொடுத்தால் அதற்கு ஒரு விலை போட்டு வாங்கிக்கொள்வார்கள். சம்மதித்துவிட்டார்.

காற்றுச் சுத்தியல்

இந்தியானாவில் பெட்ஃபோர்ட் என்று ஓர் ஊர். பூமிக்கடியில் நல்ல சுண்ணாம்புக் கல் இருக்கிறது. அமெரிக்காவின் பெரிய கட்டிடங்கள் பலவற்றுக்கு இந்த வட்டாரத்துக் கல்தான். 1931-இல் கட்டி முடித்த 102 மாடி எம்பயர் ஸ்டேட் கட்டிடத்தின் வெளிப்புறமும் இதே கல்தான்.

முன்பெல்லாம் கல்தச்சர் ஒரு கையில் உளியும் ஒரு கையில் கொட்டாப்புளியும் வைத்துக்கொண்டு செதுக்குவார். பிறகு காற்றுச் சுத்தியல் வந்தது. இது எப்படி வேலை செய்கிறது? இயந்திரத்தில் காற்றை அழுத்தி, ரப்பர் குழாய் வழியாக அனுப்புவார்கள். சுத்தியலுக்குள் ஒரு சிறு இரும்புத் தண்டு. காற்று அதை முன்னும் பின்னும் தள்ளும். அது உளியின் தலையில் ஒரு நிமிஷத்தில் ஆயிரக்கணக்கான தடவை அடிக்கும். தொழிலாளி வலது கையில் சுத்தியலைப் பிடித்துக்கொள்வார். இடது கையால் உளியைப் பிடித்து, வேண்டிய பக்கம் திருப்புவார். கல் வெண்ணெய் போல் வழித்துக்கொண்டு வரும். நாள் கணக்கில் செய்த வேலை மணிக் கணக்கில் முடிந்தது.

ஆனால் தொழிலாளிகள் ஒரு புகார் சொன்னார்கள். குளிர்ந்த காலை வேளையில் விரல்கள் வெளுத்துப் போகின்றன என்றார்கள். கிள்ளினால் தெரியவில்லை. ஊசி குத்தினால் தெரியவில்லை. பொத்தான் போட முடியவில்லை. அந்த விரல்களுக்கு அவர்கள் வைத்த பெயர் செத்த விரல்கள்.

1918-ஆம் வருஷத்துக் குளிர்காலத்தில் ஆலிஸ் அம்மையார் பெட்ஃபோர்டுக்குப் போனார். வேண்டுமென்றேதான் குளிர்காலத்தில் போனார். கோடையில் போனால் கை நன்றாகவே இருக்கும். புகார் சொன்னவன் பொய்யன் ஆகிவிடுவான்!

அவர் கண்டது என்ன? விரல் நுனியிலிருந்து பாதி வரைக்கும் அல்லது அடி வரைக்கும் பிணத்தின் விரல் போல வெளுப்பு. வெளுத்த இடத்துக்கும் நல்ல இடத்துக்கும் நடுவே கோடு கிழித்தது போன்ற எல்லை. உளி பிடிக்கும் இடது கையில்தான் அதிகம். தொழிலாளிகள் கையை உதறுவார்கள். வீசி வீசி அடித்துக்கொள்வார்கள். மெள்ள ரத்தம் திரும்பும். திரும்பும்போது வலி உயிர் போகும். அவர் அங்கே பரிசோதித்த கல்தச்சர்களில் பத்துக்கு ஏறக்குறைய ஒன்பது பேருக்கு இந்த நிலைமை இருந்தது.

இதை முதலில் எழுதியவர் இவர் அல்ல. 1911-இல் ஜியோவன்னி லோரிகா என்ற இத்தாலிய டாக்டர் எழுதியிருந்தார். ஆனால் காரணங்களைப் பிரித்துப் பார்த்து, வேலைத்தலத்தில் என்ன செய்யலாம் என்று தெளிவாக எழுதியது அம்மையார்தான்.

காரணம் மூன்று சேர்ந்தது என்றார். கருவியின் அதிர்ச்சி ஒன்று. அதை விடாமல் இறுகப் பிடிப்பதால் விரல் தசைகள் நீண்ட நேரம் முறுக்கிக்கொண்டு இருப்பது ஒன்று. குளிர் ஒன்று. இடைவேளை இல்லாமல் ஓட்டினால் கேடு கூடும். தேய்ந்து ஆட்டம் கண்ட சுத்தியலை உபயோகித்தால் இன்னும் கூடும். ஆகவே பழுதான கருவியை மாற்ற வேண்டும். பிடியைத் தளர்த்திப் பழக வேண்டும். வேலைக் கொட்டகையில் சூடு இருக்க வேண்டும். ஓய்வு கொடுக்க வேண்டும்.

காற்றுச் சுத்தியலையே தூக்கி எறியுங்கள் என்று அவர் கிளம்பவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அது போகாது என்று அவருக்குத் தெரியும். கருவி இருக்கட்டும், கை பிழைக்க வழி பார்ப்போம் என்றுதான் எழுதினார். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இந்த நிதானம்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பது இன்று நன்றாகத் தெரியும். விரலில் மயிரிழை போன்ற ரத்தக் குழாய்கள் இருக்கின்றன. வருஷக் கணக்கில் அதிர்ச்சி பட்டால் அவை சிறு குளிருக்கும் சட்டென்று சுருங்கி மூடிக்கொள்கின்றன. நரம்புகளும் கெடுகின்றன. நம்மைப் போன்ற வெயில் நாட்டில் விரல் வெளுப்பது அவ்வளவாகத் தெரியாது. ஆனால் நரம்பு கெடுவதற்குக் குளிர் தேவையில்லை. குறுகுறுப்பு, மரத்துப் போதல், ராத்திரியில் கை எரிச்சல் என்று வரும். டிரில் மிஷின், கல் வெட்டும் மிஷின், தரை உடைக்கும் மிஷின் எதுவானாலும் கதை ஒன்றுதான். இரும்பு வெட்டி விரல் போனால் உடனே ரத்தம் வருகிறது, ஊர் கூடுகிறது. இதில் ரத்தம் இல்லை. வேலையில் சேர்ந்து பல வருஷம் கழித்து மெதுவாக வருகிறது. அதனால்தான் யாரும் நம்பவில்லை.

இதே காற்றுச் சுத்தியலுக்கு இன்னொரு பாவமும் உண்டு. தூசி. வெர்மான்ட் மாகாணத்தில் பாரி என்ற ஊரில் கருங்கல் வேலை. சுண்ணாம்புக் கல்லைவிடக் கருங்கல் தூசி பொல்லாதது. அதில் உள்ள மணிமணியான கண்ணாடிப் பொருள் நுரையீரலில் தங்கித் தழும்பாக்கிவிடும். பிறகு க்ஷயரோகம் பிடித்துக்கொள்ளும். இயந்திரச் சுத்தியல் வந்தபின் தூசி முன்னைவிட அதிகமாகவும் பொடியாகவும் பறந்தது. அந்த ஊர்க் கல்தச்சர்கள் நடுவயதிலேயே இருமி இருமி இறந்தார்கள். 1930-களின் கடைசியில் கொட்டகைகளில் உளிக்குப் பக்கத்திலேயே தூசியை உறிஞ்சும் குழாய்களை வைத்தார்கள். அதன் பிறகு வேலைக்குச் சேர்ந்தவர்களிடம் அந்த வியாதி அநேகமாக மறைந்தது.

சுரங்கத்துக்குள்

1919 ஜனவரியில் அரிசோனா தாமிரச் சுரங்கங்களுக்குப் போனார். அங்கே பாறை குடையும் காற்று இயந்திரத்தைப் பற்றித் தொழிலாளிகள் புகார் செய்திருந்தார்கள். அம்மையாருக்கு ஐம்பது வயது ஆகப் போகிறது. சுரங்கத் தொழிலாளி மாதிரி உடை போட்டுக்கொண்டு செங்குத்தான ஏணியில் இறங்கினார். ஓரிடத்தில் கீழே ஆழமான பள்ளம், மேலே இரண்டு தண்டவாளம் மட்டும். கையையும் முழங்காலையும் ஊன்றித் தவழ்ந்து கடந்தார். இயந்திரம் எப்படி ஆடுகிறது என்பதை அது ஆடும் இடத்திலேயே பார்க்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம்.

அதே வருஷம் புகழ்பெற்ற ஹார்வர்ட் சர்வகலாசாலை தொழில் வைத்தியம் கற்பிக்க ஆள் தேடிற்று. நாடு முழுவதும் தேடினாலும் இவரைவிடத் தெரிந்தவர் இல்லை. ஆகவே ஒரு பெண்ணை அழைக்கும்படி ஆயிற்று. அதற்கு முன் அங்கே பெண் ஆசிரியரே கிடையாது. அந்த வைத்தியக் கல்லூரியில் பெண்களை மாணவிகளாகச் சேர்த்துக்கொண்டதுகூட 1945-இல்தான்.

அழைத்தார்களே தவிர, நிபந்தனையும் போட்டார்கள். ஆசிரியர் கிளப்புக்குள் வரக்கூடாது. பட்டமளிப்பு ஊர்வலத்தில் நடக்கக்கூடாது. கால்பந்து ஆட்டத்துக்கு ஆசிரியர்களுக்குத் தரும் டிக்கெட்டைக் கேட்கக்கூடாது! அம்மையார் பதிலுக்கு ஒரு நிபந்தனை போட்டார். வருஷத்தில் பாதி நாள்தான் பாடம் நடத்துவேன், மீதி நாள் என் ஆராய்ச்சி வேலைக்கு வேண்டும் என்றார். உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தார். 1935-இல் ஓய்வு பெறும்போதும் உதவிப் பேராசிரியர்தான். பதினாறு வருஷத்தில் ஒரு பதவி உயர்வு இல்லை.

1925-இல் அமெரிக்கத் தொழில் விஷங்களைப் பற்றிப் பெரிய புத்தகம் எழுதினார். 1943-இல் தன் வரலாற்றை எழுதினார். வயதான காலத்தில் கனெக்டிகட் மாகாணத்தில் ஹாட்லைம் என்ற ஆற்றங்கரைக் கிராமத்தில் சகோதரி மார்கரெட்டுடன் வசித்தார். 1970-ஆம் வருஷம் செப்டம்பர் 22-ந் தேதி காலமானார். அவருக்கு வயது 101.

அவர் இறந்து மூன்று மாதம் சென்று, டிசம்பர் 29-ந் தேதி, அமெரிக்கா முழுமைக்கும் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டம் கையெழுத்தாயிற்று. தொழிற்சாலைக்குள் நுழைந்து பார்க்க சர்க்கார் அதிகாரிக்கு உரிமை கொடுத்த சட்டம் அது. அவர் முதலாளிகளிடம் கேட்டுக் கேட்டுப் பெற்ற அனுமதி இப்போது சட்டமாயிற்று. 1995-இல் அவர் படம் போட்ட தபால் தலையும் வெளிவந்தது.

இதற்கு நடுவில் இன்னொன்று நடந்தது. 1978-இல் ஆராய்ச்சியாளர்கள் சிலர் அம்மையாரின் பழைய அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி பெட்ஃபோர்டுக்குப் போனார்கள். சரியாக அறுபது வருஷம் ஆகியிருந்தது. அதற்குள் மரம் அறுக்கும் இயந்திர வாள்களுக்கு அதிர்ச்சி குறைந்த கைப்பிடிகள் வந்துவிட்டன. காடு வெட்டுபவர்களின் விரல்கள் பிழைக்கத் தொடங்கியிருந்தன. பெட்ஃபோர்டிலோ கல்தச்சர்கள் அதே மாதிரி சுத்தியலை வலது கையிலும் உளியை இடது கையிலும் பிடித்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஆராய்ச்சியாளர்கள் அவர்களுடைய கைகளைப் பரிசோதித்தார்கள். பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு விரல் வெளுத்தது.